ஒரே எண், மூன்று உலோகத் துண்டுகள்

லூகர் பி08 கைத்துப்பாக்கி, இரண்டு மேகசின்களுடன்
ஜெர்மனி, முதல் உலகப் போர்க் காலம்
எஃகு, மரம்

கியோர்க் லூகர் வடிவமைத்த இக்கைத்துப்பாக்கியை ஜெர்மன் தரைப்படை 1908-இல் ஏற்றுக்கொண்டது. பிடிக்குள் செருகப்படும் மேகசினில் 9 மி.மீ. தோட்டாக்கள் எட்டு அடங்கும். படைவீரருக்கு இரண்டு மேகசின்கள் தரப்பட்டன. ஒன்று துப்பாக்கியில் இருக்கும்; மற்றது தோலுறையின் சிறு பையில் இருக்கும்.

மேகசின்களின் அடிக்கட்டையைக் கவனியுங்கள். துப்பாக்கியின் தொடர் எண்ணே இரண்டிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாற்று மேகசினில் மட்டும் கூடுதலாக ஒரு ‘+’ குறி உண்டு.

அடிக்கட்டை காலத்தையும் காட்டும். முதல் உலகப் போரில் அது மரத்தால் ஆனது. பின்னர் அலுமினியம் வந்தது. மேகசினின் கூடும் மாறியது: மடித்த தகட்டுக் கூட்டுக்குப் பதிலாக, சூல் நகரின் ஹேனல் நிறுவனம் ஒரே எஃகுக் குழாயாக இழுத்த உறுதியான கூட்டைச் செய்தது.

சண்டையிலும் சரணடைவிலும் பழுதுபார்ப்பிலும் மேகசின்கள் கைமாறின. எனவே துப்பாக்கியும் அதன் இரு மேகசின்களும் ஒன்றாக எஞ்சுவது அரிது. பிரிந்த எண்களைத் தேடி, விலைக்கு வாங்கியும் பண்டமாற்றுச் செய்தும் சேகரிப்பாளர்கள் ஒன்றுசேர்க்கிறார்கள்.

எண் பொருந்தினால் விலை உயரும் என்பதால், பழைய எண்ணைத் தேய்த்துப் புது எண் பொறிப்போரும் உண்டு. அச்செயல் ஒரு வரலாற்றுச் சான்றை அடியோடு அழிக்கிறது. பொருந்தாத எண்ணும் உண்மையான வரலாறே. அதை அப்படியே காப்பது நம் கடமை.