கிளினிக் கொப்பியில் இன்னும் ஒரு பக்கம்

எட்டு மாதமாகியும் பிள்ளை தானாக இருக்கவில்லை. தூக்கும்போது கால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகிக்கொள்கின்றன. மசித்த சோறு கொடுத்தால் பாதி வெளியே வருகிறது. கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பக்கம் ஒரு தாய் இதைச் சொன்னால், “இவன்ர தேப்பனும் பிந்தித்தான் நடந்தவன்” என்று அப்பம்மா ஆறுதல் சொல்லுவார். அடுத்த தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போது குடும்பநல உத்தியோகத்தர் கவனிப்பார். வைத்தியர் பார்த்துவிட்டு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுப்பார். அங்கே இயன்மருத்துவத்துக்கு நாள் குறிப்பார்கள். முரசுமோட்டையோ தருமபுரமோ, எங்கிருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரந்தனுக்கு வந்து, அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போகவேண்டும். அன்றைய கூலி இல்லை.

இந்த ஒழுங்கு தேவையானது. கடிதமும் வேண்டும், குறித்த நாளும் வேண்டும். ஆனால் அந்த வீட்டில் காலை எப்படி விடிகிறது, பிள்ளையை யார் குளிப்பாட்டுகிறார்கள், எந்த வேளை தாய்க்கு ஆகக் கஷ்டம் என்று ஆறுதலாக இருந்து கேட்டு, அதிலிருந்து அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு திட்டம் எழுதும் வேலை இதற்குள் இல்லை. பிறப்பிலிருந்து மூன்று வயதுவரையான பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கையாளும் துறைக்கு ஆரம்பகால இடையீடு என்று பெயர். கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்தத் துறை கற்றுக்கொண்டவற்றுள் எனக்கு முதன்மையாகப் படுவது, திட்டம் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்பதுதான்.

மூன்று வயது என்ற எல்லைக்குக் காரணம் உண்டு. அந்த வயதுக்குள் மூளை, வளர்ந்தவரின் மூளைப் பருமனில் ஏறக்குறைய 80 வீதத்தை எட்டிவிடுகிறது. நரம்புக் கலங்களுக்கிடையே இணைப்புகள் தேவைக்கு மிஞ்சி உருவாகும் காலம் அது. பாவிக்கப்படும் இணைப்பு உறுதிப்படும், பாவிக்கப்படாதது கழிக்கப்படும். செவிப்புலன் குறைந்த பிள்ளைகளில் இது வெளிப்படையாகத் தெரியும். அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இற்றானோவும் குழுவினரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் குறை கண்டறியப்பட்ட பிள்ளைகள், அதற்குப் பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னுக்கு நின்றார்கள். ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்ற கணக்கு இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. உடலசைவைப் பாதிக்கும் மூளைவாதத்தையும் ஒரு வயது கழிந்த பிறகே சொல்லலாம் என்பதுதான் முன்பு வழக்கம். ஐயோனா நோவாக் தலைமையிலான நிபுணர் குழு, ஆபத்து அறிகுறிகள் உள்ள பிள்ளைகளில் ஆறு மாதத்துக்கு முன்பே அதைத் துல்லியமாகக் கண்டறியலாம் என்று 2017 இல் எழுதியது. மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளையென்றால் வயதைத் திருத்திக் கணக்கிடவேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்து இன்று ஆறு மாதமான பிள்ளையிடம் நான்கு மாதப் பிள்ளையின் வேலைகளைத்தான் எதிர்பார்க்கலாம்.

அப்பம்மா சொல்லும் கதை பல வேளைகளில் உண்மைதான். பிந்தி நடந்து, பிந்திக் கதைத்து, பிறகு ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் கால் இறுகுவதும், ஒரு கையை மட்டும் எப்போதும் பொத்தி வைத்திருப்பதும், சத்தத்துக்குத் திரும்பாததும் பொறுத்திருந்து பார்க்கும் விஷயங்கள் அல்ல.

திட்டம் எழுதும் முறைக்கு வருவோம். 1986 இல் அமெரிக்கா கொண்டுவந்த ஒரு சட்டத் திருத்தம், மூன்று வயதுக்குட்பட்ட, வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளுக்குக் குடும்பத்தை மையமாகக் கொண்ட தனித்திட்டம் எழுதப்படவேண்டும் என்றது. பிள்ளைக்கு என்ன முடிகிறது என்பதோடு, குடும்பத்தின் கவலை எது, அவர்கள் எதை முதலில் விரும்புகிறார்கள், அவர்களிடம் என்ன பலம் இருக்கிறது என்பதையும் எழுதவேண்டும். யார் ஒருங்கிணைப்பது என்று ஒருவரின் பெயர் அதில் இருக்கவேண்டும். பிள்ளையைப் பற்றி அறிவித்து 45 நாளுக்குள் முதல் கூட்டம், ஆறு மாதத்துக்கொரு தடவை மீளாய்வு. பின்னர் சேர்ந்த ஒரு விதியின்படி, உதவி இயன்றவரை பிள்ளை வழக்கமாக இருக்கும் இடத்திலேயே, அதாவது வீட்டில், முற்றத்தில் நடக்கவேண்டும்.

கடைசி விதிக்குப் பின்னால் எளிய கணக்கொன்று உண்டு. வாரத்தில் 168 மணித்தியாலம். சிகிச்சையாளர் வாரம் ஒரு மணித்தியாலம் வந்தால்கூட மிச்சம் 167 மணித்தியாலமும் பிள்ளை வீட்டாரோடுதான். ரொபின் மக்வில்லியம் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே தன் முறைக்கு அடிப்படையாக வைத்தார். வருபவர் பயிற்சிப் பொருட்களோடு வந்து பிள்ளையை வாங்கிப் பயிற்சி கொடுப்பதை விட்டு, குடும்பத்தின் அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவற்றுக்குள் பயிற்சியை வைக்கவேண்டும் என்றார்.

கனகராயன் ஆற்றுப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். தகப்பனுக்கு வயல்வேலை. காலபோகத்தில் விடிய முதல் போய்விடுவார். வீட்டில் தாய், அப்பம்மா, பள்ளிக்கூடம் போகும் அக்கா, தொடக்கத்தில் சொன்ன எட்டு மாதப் பிள்ளை. திட்டம் எழுத வந்தவர் கேட்கிறார், “காலமை எழும்பினதில இருந்து சொல்லுங்கோ அம்மா.” தாய் சொல்கிறாள், “சாப்பாடுதான் பெரிய பாடு மிஸ். ஒரு நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் போகுது. புரைக்கேறிடுமோ எண்டு பயம். பிறகு ஒரு வேலையும் ஓடாது.”

முதல் இலக்கு கிடைத்துவிட்டது: பிள்ளை அரை மணித்தியாலத்துக்குள், புரைக்கேறாமல் சாப்பிடவேண்டும். தாய் சொன்ன சொல்லிலேயே அதை எழுதலாம். ‘வாய்த் தசைகளின் இயக்கத்தை மேம்படுத்தல்’ என்று எழுதினால் கோப்புக்கு அழகு, ஆனால் நடந்ததா இல்லையா என்று தாயால் சொல்லமுடியாது.

சாப்பாடு கொடுக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் காரணம் தெரியும். பிள்ளையை மடியில் மல்லாக்கச் சாய்த்து, மேலிருந்து ஊட்டுகிறாள். தலை பின்னால் விழ விழ உடம்பு முழுதும் விறைக்கிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது. தலை பின்சாய்ந்த நிலையில் சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போவதும் எளிது. அதையே மாற்றி, இடுப்பு மடிந்திருக்கும்படி நிமிர்த்தி இருத்தி, முதுகுக்கு அணை கொடுத்து, தலை சற்றே முன்னால் குனிய வைத்து, நேர் எதிரே இருந்து வாய் மட்டத்தில் கரண்டியை நீட்டவேண்டும். தண்ணியாக ஓடும் கஞ்சியைவிடக் கொஞ்சம் தடிப்பான கூழ் பல பிள்ளைகளுக்கு விழுங்க இலகு. ஒரு வாய் விழுங்கி முடியும்வரை அடுத்த வாய் இல்லை. இதைத் தொடங்குமுன் விழுங்கலைத் தெரிந்த சிகிச்சையாளர் ஒரு தடவை பார்த்தேயாகவேண்டும். ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால், அடிக்கடி சளிக்காய்ச்சல் வந்தால், அது வைத்தியர் பார்க்கவேண்டிய விஷயம்.

அடுத்தது குளிப்பு. அப்பம்மா காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் கால்மேல் குப்புறக் கிடத்தி முதுகுக்கு எண்ணெய் பூசுகிறார். கழுத்து நிற்பதற்கும் தோள் பலப்படுவதற்கும் பிள்ளை குப்புறக் கிடந்து தலையை உயர்த்தவேண்டும் என்று இயன்மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது இந்த வீட்டில் ஏற்கெனவே நடக்கிறது. அக்காவை முன்னால் இருந்து கதைக்கச் சொன்னால் போதும், பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கும். இன்னும் ஒரு நிமிடம் கூட்டலாம். இப்போது அப்பம்மாவும் திட்டத்தில் ஒரு ஆள். பிந்தி நடந்த தகப்பன் கதையைச் சொன்னவரே, பிள்ளை இன்றைக்கு எவ்வளவு நேரம் தலை தூக்கியது என்று சொல்லத் தொடங்குவார்.

கால்கள் பின்னுவதற்கும் வழி வீட்டிலேயே உண்டு. பிள்ளையை இரு கைகளிலும் நீட்டிக் கிடத்தித் தூக்கினால் கால்கள் இன்னும் இறுகும். நம் பெண்கள் வழமையாகத் தூக்குவதுபோல இடுப்பில், ஒரு கால் முன்னாலும் மற்றது பின்னாலுமாக வைத்தால் கால்கள் தாமாகவே அகன்று நிற்கும். டேவிட் வேர்ணர் கிராமங்களில் வாழும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக 1987 இல் வெளியிட்ட கைநூலும் இப்படித் தூக்கும் முறையைப் படம் போட்டுக் காட்டுகிறது. கடைக்குப் போய்வரும் நேரம் முழுதும் பயிற்சி நேரமாகிவிடுகிறது, தாய்க்கு மேலதிக வேலை ஒன்றுமில்லை.

மேலதிக வேலை இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல இடங்களில் வீட்டுத் திட்டம் என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு பயிற்சிகளை எழுதித் தாயின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவள் தண்ணீர் அள்ளி, சமைத்து, சில வேளை கூலிக்கும் போய்வந்து, இவற்றையும் செய்யவேண்டும். செய்யமுடியாதபோது குற்றவுணர்வு மட்டும் மிஞ்சுகிறது. வன்னியில் பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. இன்று கைக்குழந்தையோடு நிற்கும் தாய்மார் பலர் 2009 இல் தருமபுரம், விசுவமடு வழியாக இடம்பெயர்ந்த சிறுமிகள். அவர்களுடைய நித்திரை, மனச்சோர்வு, உதவிக்கு ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் திட்டத்தின் பகுதி. ‘வாரத்தில் ஒரு பின்னேரம் பிள்ளையைச் சித்தி பார்க்க, அம்மா ஓய்வெடுப்பது’ என்று ஓர் இலக்கு எழுதினால் அது பிள்ளைக்கான இலக்குத்தான். தகப்பனுக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். வயலால் வந்தபின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோழிக்குத் தீன் போடுவது அவர் வேலை. போட்டுக்கொண்டே “கோழி எங்க?” என்று கேட்டு, பிள்ளை பார்க்கும்வரை பொறுத்து நிற்பதும்.

வீட்டுக்குப் போய்ச் செய்யும் இத்தகைய வேலைக்குப் பலன் உண்டா என்பதற்கு ஆக நெடிய சாட்சி ஜமேக்காவில் இருக்கிறது. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மக்ரெகர் குழுவினர் தெரிவுசெய்தார்கள். 9 முதல் 24 மாத வயது. ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு உள்ளூர்ச் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணித்தியாலம், இரண்டு வருடம் போனார்கள். கழித்துவிட்ட பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுபோய், தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடப் பழக்கினார்கள். வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்ததை 1991 இல் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கியபின் தேடிப் பார்த்தபோது, வீட்டுக்குப் போன குழுவினரின் வருமானம் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. 2014 இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த முடிவு இது. போனவர்கள் பட்டதாரிச் சிகிச்சையாளர்கள் அல்லர் என்பதை நம் மாகாணத்தில் திட்டம் போடுபவர்கள் கவனிக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகள் உண்டு. சென்னையில் 1989 இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ‘உபநயன்’ என்ற முறையைக் கையாள்கிறது. உடலியக்கம், தன்வேலை, மொழி, அறிதல், பழகுதல் என ஐந்து பகுதிகள், பகுதிக்கு 50 திறன்களாக 250. தாய் கூடவே இருந்து பழகி வீட்டில் தொடர்வாள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை 1981 இல் நிறுவியவர் ச. இராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். அந்த நிறுவனம் ஊர்ப் பெண்களையே பயிற்றி வீடு வீடாக அனுப்புகிறது. இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் எல்லோரும் பின்னால் நின்று வழிகாட்ட, பிள்ளையின் முன்னேற்றம் கைத்தொலைபேசிச் செயலியில் பதிவாகிறது. கண்டாவளைக்கு ஆகப் பொருத்தமான மாதிரி இதுதான் என்பது என் கருத்து.

ஏனென்றால் இலங்கையிடம் இந்தியாவில் பல இடங்களில் இல்லாத ஒரு பலம் ஏற்கெனவே இருக்கிறது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். பிறகு இரண்டு, நான்கு, ஆறு மாதத்தில் தடுப்பூசி, ஒன்பதாம் மாதம் மறுபடி, நிறை பார்க்க, திரிபோஷா சத்துமா வாங்க என்று கிளினிக்கோடு உள்ள தொடர்பு அறுவதில்லை. கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு இருக்கிறது, பிள்ளை எப்போது சிரித்தது, எப்போது இருந்தது என்று குறிக்க இடமிருக்கிறது. தாமதம் தெரிந்தபின் என்ன செய்வது என்று குடும்பத்தோடு இருந்து எழுதும் பக்கம் ஒன்றுதான் கூட வேண்டும்.

அதைக் குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் கட்டிவிடக்கூடாது. அவருக்கு ஏற்கெனவே கர்ப்பிணிகள், பிரசவித்தவர்கள், பதிவேடுகள். ஆய்க்குடியைப்போல உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து எடுக்கவேண்டும். தொண்டர் என்று பெயர் சூட்டி வெறுங்கையோடு வேலை வாங்குவது நீடிக்காது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் உதவிப்பணத்தைப் பார்க்கலாம். வைத்தியசாலை இயன்மருத்துவர் மாதமொருமுறை தருமபுரத்துக்கோ முரசுமோட்டைக்கோ வந்தால் பத்துத் தாய்மாரின் பத்துப் பயணம் மிச்சம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கண்டாவளை ஆகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிரிவுகளில் ஒன்று. வீதி மூடிய நாட்களில் வைத்தியசாலையில் குறித்த நாள் வீணாகும். குளிப்பிலும் சாப்பாட்டிலும் வைத்த பயிற்சி இடைத்தங்கல் முகாமிலும் தொடரும்.

மூன்று வயது நெருங்கும்போது இன்னொரு வேலை இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முந்தியே அடுத்த கட்டத்தைத் திட்டமிடச் சொல்கிறது. இங்கே அடுத்த கட்டம் ஊர் முன்பள்ளி. கொப்பியில் குடும்பத்தோடு எழுதிய அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று முன்பள்ளி ஆசிரியையிடம் போகவேண்டும். பிள்ளைக்கு எந்தப் பக்கம் அணை வேண்டும், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டும், எதற்குப் பயப்படும், எந்தப் பாட்டுக்குச் சிரிக்கும் என்று தாய் சொல்லச் சொல்ல எழுதிய பிரதி. ஆசிரியை அதை வாசித்துவிட்டு, பள்ளி தொடங்குமுன் ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு விளையாடிவிட்டு வரலாம். அதற்கான திகதியையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துவைக்கலாம்.