வாசம் சொல்லுமா ஊர்ப் பேரை?

கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு சொல்லி வேற ஊர்ப் பூண்டைத் தலையில கட்டுறதை நாம சந்தையில பாத்திருக்கோம். காபியிலும் இதே கதைதான்.

ஹவாய்த் தீவில் கோனா என்று ஒரு வட்டாரம். எரிமலைச் சரிவில் விளையும் அதன் காபிக்கு நல்ல விலை. 1996-ல் அங்கே ஒரு பெரிய மோசடி அம்பலமானது. பனாமா, கோஸ்டா ரிக்கா நாட்டுக் காபியை வாங்கி, சாக்கை மாத்தி, கோனான்னு வித்திருக்காங்க. பாடுபட்டது ஒருத்தர், அந்தப் பேரை வித்துக் காசாக்கினது இன்னொருத்தர்.

வறுத்து அரைச்ச தூளைப் பாத்து ஊரைச் சொல்ல முடியுமா? கண்ணால முடியாதுங்க. ஆனால் வாசத்தைக் கொண்டு ஓரளவு சொல்லலாம்.

பச்சைக் கொட்டையில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வறுக்கும் சூட்டில் வினைபுரிந்து, 800-க்கும் மேற்பட்ட மணப்பொருட்கள் உண்டாகின்றன. கொட்டையில் எது எவ்வளவு இருக்கும் என்பதை ரகம், மலையின் உயரம், குளிர், மழை, மண் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

ஆய்வகத்தில் தூளை மூடிய குப்பியில் போட்டு லேசாகச் சூடாக்குவார்கள். எழும் ஆவியைக் கேஸ் குரோமடோகிராபி கருவி தனித்தனியாகப் பிரிக்கும். நிறை நிறமாலைமானி ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று அடையாளம் காட்டும். ஒரே ஒரு மணப்பொருளை வச்சு ஊரைச் சொல்லிட முடியாது. எல்லாவற்றின் அளவையும் சேர்த்து, ஊர் உறுதியாகத் தெரிந்த காபியோடு ஒப்பிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கூடுதலா வறுத்தாலோ, காய வைக்கிற முறை மாறினாலோ, மூட்டை பழசானாலோ வாசமும் மாறிடும். அதனால் மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்ற தனிமங்களையும் பார்க்கிறார்கள். வறுத்தாலும் இவை அழிவதில்லை.

2019-ல் கோனா உழவர்கள் வறுத்து விற்கும் நிறுவனங்கள் மேலும் கடைகள் மேலும் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்குக் கை கொடுத்தது இந்தத் தனிமச் சோதனைதான். இழப்பீடாக 4 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

நம் நாட்டிலும் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு, வயநாடு காபிகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு காகிதத்தில் இருந்தா மட்டும் போதாது. எந்தக் கருவியானாலும் ஒப்பிட்டுப் பார்க்க அசல் கொட்டை வேணும். அது நம்மகிட்டதான் இருக்கு.

ஆகவே தாண்டிக்குடியோ ஏற்காடோ, காபி போடும் உழவர்கள் ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு கைப்பிடி பச்சைக் கொட்டையைக் காற்றுப் புகாமல் எடுத்து வையுங்கள். ரகம், பழம் பறித்த நாள், காய வைத்த விதம் இவற்றைச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். சங்கமாகச் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. நாளைக்கு யாராவது நம்ம மலைப் பேரைத் திருடினா, அந்தக் கைப்பிடிக் கொட்டைதான் நமக்குச் சாட்சி.