அனுப்பும் முன் ஒரு நிமிஷம்!

ஏம்பலத்தில் பஸ் ஏறிப் புதுவைக்கு வேலைக்குப் போகும் சகோதரிகளே! உட்கார இடம் கிடைத்ததும் கைபேசியை எடுக்கிறீர்கள், அல்லவா? சற்றுப் பொறுங்கள்!

2017 புத்தாண்டுச் சமயம். அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் புதுவை அதிகாரிகளும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஓர் அதிகாரி ஆபாசப் படம் அனுப்பினார். ஆசாமி சஸ்பெண்ட்! அரசு அலுவலுக்குச் சமூக ஊடகமே கூடாதென்று அன்றைய முதல்வர் நாராயணசாமி உத்தரவு போட்டார். ஆளுநர் அதை ரத்து செய்தார். எத்தனை அமர்க்களம்!

வீடும் ஆபீஸும் ஒரே கைபேசிக்குள் குடியிருப்பதுதான் வினை. நாத்தனாருக்கு எழுதிய கேலி மானேஜர் கண்ணில் பட்டால்? அழித்துவிடலாம், பார்த்தவர் மனத்திலிருந்து அழிக்க முடியுமா? அனுப்பும் முன் குழுவின் பெயரை ஒருமுறை படியுங்கள். ஆபீஸ் ஆத்திரமா? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொட்டித் தீருங்கள். அம்மா அதை மானேஜருக்கு அனுப்பி வைக்கமாட்டாள்!