ஒரே தாளம், நூற்றுக்கணக்கான பாட்டு: 'ஸ்லெங் டெங்' யாருக்குச் சொந்தம்?

ஆடி வந்துவிட்டால் கொண்டப்பநாயக்கன்பட்டி தொடங்கி சேலம் சுற்றுவட்டாரம் முழுக்க கோயில் திருவிழா, பாட்டுக் கச்சேரிதான். மேடையில் இருக்கும் கீபோர்டு எந்தக் கம்பெனியோ, பலர் வாயில் அது 'கேசியோ'. பட்டனை அழுத்தினால் தாளம் தானாக ஓடுமே, அப்படி ஓடிய ஒரு தாளம்தான் 1985-ல் ஜமைக்கா இசையையே புரட்டிப் போட்டது.

என்ன நடந்தது?

1981-ல் வந்த கேசியோ எம்டி-40 ஒரு சின்ன கீபோர்டு. அதில் 'ராக்' என்ற தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ. கல்லூரியில் ரெகே இசை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு, நேராக கேசியோவில் வேலைக்குச் சேர்ந்த ஜப்பானிய இளம்பெண். கிங்ஸ்டனில் நோயல் டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர் கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்ய, 'அண்டர் மி ஸ்லெங் டெங்' பெரிய ஹிட். அதன்பின் ஸ்டூடியோக்கள் வேகமாக கீபோர்டு பக்கம் சாய்ந்தன. ட்ரம்ஸ், பாஸ் கிட்டார் வாசித்தவர்களுக்கு வேலை குறைந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதை ஏனோ சட்டென்று தாண்டிவிடுகிறார்கள்.

'ரிதிம்' என்றால்?

நம்ம கும்மிப் பாட்டில் மெட்டு ஒன்றுதான், வரிகள் மட்டும் மாறும். ஜமைக்காவில் அப்படியில்லை. அடியில் ஓடும் தாளமும் பாஸும் அப்படியே இருக்கும். அதன்மேல் ஒவ்வொரு பாடகரும் தன் வரியை, தன் மெட்டில் பாடுவார். அந்த அடித்தளத்துக்குத்தான் ரிதிம் என்று பெயர். டெனர் சா பாடிய 'பம்ப்கின் பெல்லி', ஜானி ஆஸ்போர்னின் 'படி பை' இரண்டுமே ஸ்லெங் டெங் மேல் ஏறியவை. இப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. (இன்னொரு பிரபல ரிதிமுக்குப் பெயரே 'தீவாளி'! ஷான் பாலின் 'கெட் பிஸி' அதில் வந்ததுதான்.)

பணம் யாருக்கு?

பல பேர் பாடினால் ரிதிமுக்குத்தான் மவுசு என்று அங்கே வளர்ந்த பழக்கம் இது. ஆனால் அதே தாளம் வெளிநாட்டில் கோடிகளைக் கொட்டும்போது? ஸ்டீலி, கிளீவி இரட்டையரின் 1989-ம் ஆண்டு 'ஃபிஷ் மார்க்கெட்' தாளம்தான் ரெகேடோன் பாடல்களின் அடித்தளம் என்று 2021-ல் அமெரிக்காவில் வழக்கு தொடரப்பட்டது. பேட் பன்னி, டாடி யாங்கி உட்படப் பலர் எதிர்த்தரப்பு. சிக்கியிருப்பது 1,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்ற கோரிக்கையை 2024-ல் நீதிபதி ஏற்கவில்லை. ஸ்டீலி 2009-லேயே இறந்துவிட்டார். அவர் தரப்பில் வாரிசு உரிமையாளர்கள்தான் வழக்காடுகிறார்கள்.

ஸ்லெங் டெங்குக்கு கேசியோ ராயல்டி கேட்கவில்லை. ஒகுடா அதே கம்பெனியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார்.