எமது ஊரை வரைபவர் யார்? – நகர வடிவமைப்பில் பட்டப்பின் படிப்பு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் "இனி என்ன படிக்கலாம்?" என்று கேட்டால் வைத்தியர், ஆசிரியை, தாதி, கணக்காளர் என்ற சில பெயர்களே எங்கள் வாயில் வருகின்றன. கொஞ்சம் துணிந்தால் பொறியியல் என்போம். இந்தப் பட்டியலில் நாம் சேர்க்காத, ஆனால் எமது அன்றாட வாழ்வோடு மிக நெருங்கிய ஒரு துறையை இம்மாதம் அறிமுகம் செய்கின்றோம். அதன் பெயர் நகர வடிவமைப்பு.

பஸ் நிலையத்தில் பெண்களுக்கான மலசலகூடம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் விளக்கு எங்கே நட வேண்டும்? குடிமனைக்கும் முன்பள்ளிக்கும் நடுவே பெருவீதி போகலாமா? ஊன்றுகோலோடு நடப்பவர் மாரி காலத்தில் எந்த வழியால் தபாற்கந்தோருக்குப் போவார்? இவை எல்லாம் யாரோ ஒருவர் ஒரு மேசையில் இருந்து தீர்மானித்த விடயங்கள். ஒருவரும் யோசிக்காமல் விட்டிருந்தால் அதன் பலனையும் நாமே அனுபவிக்கின்றோம். அந்த மேசையில் எமது பெண்கள் எத்தனை பேர் இருக்கின்றார்கள் என்பதே எமது கேள்வி.

நகர வடிவமைப்பு என்பது என்ன?

கட்டடக் கலைஞர் ஒரு கட்டடத்தை வரைகின்றார். நகரத் திட்டமிடலாளர் எந்தக் காணி எதற்குப் பயன்பட வேண்டும், வீதிகள் எங்கே செல்ல வேண்டும், இருபது ஆண்டுகளின் பின் எத்தனை பேர் வாழ்வர் என்று கணித்துத் திட்டம் வகுக்கின்றார். இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கட்டடத்தின் படியை விட்டு இறங்கியதும் நாம் கால் வைக்கும் இடம் அது. வீதியோரம், சந்தி, சந்தை முற்றம், கடற்கரை, நடைபாதை, நிழல், இருக்கை, வெளிச்சம் எல்லாம் அதற்குள் அடங்கும். இவற்றை மனிதர் பயமின்றியும் வசதியாகவும் பயன்படுத்தும் விதத்தில் அமைப்பதே நகர வடிவமைப்பாகும்.

பெரும்பாலும் இதனை முதற்பட்டத்தின் பின்னரே கற்பிக்கின்றார்கள். கட்டடக்கலை, திட்டமிடல், குடிசார் பொறியியல், நிலத்தோற்றக்கலை என ஏற்கெனவே ஒன்றைக் கற்றவர்கள் ஒன்றாக இருந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்பது இதன் நோக்கம். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹொசே லூயி செர்ட் என்னும் கட்டடக் கலைஞர் கூட்டிய மாநாடு இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. 1960இல் அங்கே இதற்கெனத் தனியான பட்டப்பின் படிப்பு ஆரம்பமாயிற்று.

அந்த மாநாட்டில் பேசியவர்களுள் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்ணும் ஒருவர். அவர் பட்டம் எதுவும் பெறாதவர். ஒரு கட்டடக்கலைச் சஞ்சிகையில் வேலை செய்தவர். தமது மேலாசிரியர் வர முடியாததால் அவருக்குப் பதிலாகப் பேச வந்திருந்தார். பழைய தெருக்களை இடித்து உயர்ந்த மாடிகளைக் கட்டும்போது அங்கிருந்த சிறிய கடைகளும், அயலவர் நின்று கதைக்கும் இடங்களும் சேர்ந்து அழிகின்றன என்று அவர் அங்கே எடுத்துச் சொன்னார். 1961இல் வெளியான அவரது நூல் இன்றுவரை இத்துறை மாணவர்களின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக உள்ளது. தன் தெருவை ஒவ்வொரு நாளும் கவனித்துப் பார்த்த பெண்ணிடமிருந்து நிபுணர்கள் பாடம் கற்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

படிப்பில் என்ன செய்வார்கள்?

இப்படிப்பு பொதுவாக ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகள் நடைபெறும். விரிவுரைகள் இருந்தாலும் முக்கியமான பகுதி ஸ்ரூடியோ எனப்படும் செயல்முறை வகுப்பாகும். உண்மையான ஓர் இடத்தை மாணவர்களிடம் கொடுப்பார்கள். அது ஒரு பழைய சந்தையாகவோ ஆற்றங்கரையாகவோ பஸ் நிலையமாகவோ இருக்கலாம். மாணவர்கள் அங்கே காலையிலும் நண்பகலிலும் இரவிலும் நடப்பார்கள். யார் வருகின்றார்கள், எங்கே நிற்கின்றார்கள், எங்கே ஒதுங்கிப் போகின்றார்கள் என்று எண்ணிக் குறிப்பார்கள். அதன் பின்பே வரைபடமும் மாதிரியும் செய்வார்கள். செய்ததை ஆசிரியர் குழுவின் முன் விளக்கி, அவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நகர வரலாறு, போக்குவரத்து, வடிகால், காலநிலை, காணிச் சட்டம், செலவுக் கணக்கு என்பனவும் பாடங்களாகும். முடிவில் பலருக்கு ஓர் ஆய்வேடும் உண்டு.

மாணவர்கள் பயிலும் முறைகளில் இரண்டை மட்டும் இங்கு சொல்கின்றோம்.

கெவின் லிஞ்ச் என்பவர் பொஸ்டன் உட்பட மூன்று அமெரிக்க நகரங்களின் மக்களிடம், ஞாபகத்தில் உள்ளபடி தங்கள் நகரை வரைந்து காட்டும்படி கேட்டார். பாதைகள், எல்லைகள், பகுதிகள், சந்திகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்தையும் கொண்டே மனிதர் ஓர் ஊரை மனதில் வைத்திருக்கின்றார்கள் என்று 1960இல் அவர் எழுதினார். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆலமரம் இல்லாமற் போய், சந்தியில் இருந்த கடை இல்லாமற் போய், தன் ஒழுங்கை எங்கே திரும்புகின்றது என்று தெரியாமல் நின்ற அனுபவம் எங்களில் எத்தனை பேருக்கு உண்டு!

வில்லியம் வைற் என்பவர் நியூயோர்க் நகரின் சிறிய பொது இடங்களைப் பல ஆண்டுகள் படம் பிடித்து ஆராய்ந்து 1980இல் நூலாக வெளியிட்டார். பெண்கள் எங்கே இருப்பது என்பதை ஆண்களை விடக் கவனமாகத் தெரிவு செய்கின்றார்கள் என்பதை அவர் கண்டார். ஆகவே ஓர் இடத்தில் பெண்களின் தொகை வழமையை விடக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் ஏதோ பிழை உண்டு என்றார். எமது நகரங்களின் பஸ் நிலையங்களுக்கும் பூங்காக்களுக்கும் இந்தச் சோதனையை நாமே செய்து பார்க்கலாம்.

கேட்டபின் மாறிய ஒரு நகரம்

ஒஸ்ரியா நாட்டின் தலைநகர் வியன்னாவில் 1991இல் பொது இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்டு ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. நகரின் வெவ்வேறு பெண்கள் ஒரு நாளில் எங்கெங்கு சென்று வருகின்றார்கள் என்பதை அது காட்டியது. பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, கடைக்குப் போய், முதியவரை வைத்தியரிடம் கூட்டிச் சென்று, வேலைக்கும் போகும் பெண்ணின் பாதை, வேலைக்குப் போய் வீடு திரும்பும் ஒருவரின் பாதையை விட எவ்வளவு சிக்கலானது என்பதைப் பலர் அப்போதுதான் கண்ணால் கண்டார்கள்.

அதன் பயனாகப் பெண் கட்டடக் கலைஞர்களே வடிவமைத்த 357 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு 1997இல் கட்டி முடிக்கப்பட்டது. வீட்டில் இருந்தபடியே பார்க்கக்கூடிய முற்றத்தில் பிள்ளைகள் விளையாடினார்கள். சிறுவர் பள்ளியும் மருந்துக் கடையும் வைத்தியரும் அங்கேயே இருந்தன. பொதுப் போக்குவரத்தும் கிட்டவே இருந்தது.

அந்நகரின் பூங்காக்களில் ஒன்பது வயதுக்கு மேற்பட்ட சிறுமிகளின் வரவு குறைவதையும், சிறுவர்களின் வரவு அவ்வாறு குறையாததையும் 1990களின் ஆய்வு ஒன்று காட்டியது. பெரிய திறந்த வெளியைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களில் நடைபாதைகளைக் கூட்டி, வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பூப்பந்து, கரப்பந்து ஆடவும் இடம் அமைத்தபோது சிறுமிகள் திரும்பி வந்தார்கள். சிறுமிகளுக்குப் புத்திமதி சொல்லி இதைச் சாதிக்கவில்லை; இடத்தை மாற்றினார்கள்.

எமது நாட்டின் முன்னோடி

இவ்வாறு கேட்டு வடிவமைப்பது வெளிநாட்டில் இருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. 1918இல் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா இலங்கையின் முதலாவது பெண் கட்டடக் கலைஞர்களுள் ஒருவர். அவரது தாயார் அக்னஸ் டி சில்வா, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927இல் தொடங்கிய சங்கத்தில் முன்நின்று உழைத்தவர். மினெட் பம்பாயில் படிக்கும்போது காந்தியின் விடுதலைக்கான போராட்டத்தில் கலந்துகொண்டதால் கல்லூரியை விட்டு வெளியேற்றப்பட்டார். பின்னர் இலண்டனில் படித்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் சேர்க்கப்பட்ட முதல் ஆசியப் பெண் என்ற பெருமையைப் பெற்றார்.

1950களில் கண்டி வட்டப்புளுவவில் அரசாங்க ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 250 வீடுகள். பல இனத்தையும் மதத்தையும் சேர்ந்தவர்கள் குடிவர இருந்தார்கள். அவர் முதலில் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்து, எப்படிச் சமைக்கின்றீர்கள், எப்படி வாழ்கின்றீர்கள், என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். பதில்களைப் பார்த்த பின்பே வெவ்வேறு வகை வீடுகளை வரைந்தார்.

எமது பிரதேசங்களுக்கு ஏன் தேவை?

சுனாமியின் பின் 2005இல் கரையோரத்தில் வீடு கட்டக் கூடாத வலயம் அறிவிக்கப்பட்டது. தெற்கில் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், வரைபடத்தில் கீறப்பட்ட ஒரு கோடு ஒரு குடும்பத்தின் கடலையும் தொழிலையும் எவ்வளவு தூரம் தள்ளி வைக்கும் என்பதை அந்தக் காலத்தில் கண்டோம்.

2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் மிகப் பெரும்பாலானவை வடக்கு, கிழக்குக்கு உரியவை. அவற்றிற் பல, பயனாளி தாமே நின்று கட்டும் முறையில் அமைந்தவை. கட்டுப்பணம் வரும்வரை காத்திருந்து, மணலுக்கும் சீமெந்துக்கும் அலைந்து, மேசனோடு நின்று அத்திவாரம் முதல் கூரை வரை கொண்டு வந்த பெண்கள் பலர் இச்சஞ்சிகையின் வாசகிகள். வேலிக்கு உள்ளே அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் வேலிக்கு வெளியே போகும் வாய்க்காலையும் வீதியையும் விளக்கையும் முன்பள்ளியையும் பற்றி அவர்களிடம் யார் கேட்டார்கள்? முகாமிலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் வாழ்ந்து, தண்ணீருக்கு நடந்து, இருட்டுக்குப் பயந்து பெற்ற அறிவு எங்களிடம் நிறைய உண்டு. அதை அளவும் கோடுமாக மாற்றத் தெரிந்தவர்கள் எங்கள் பிள்ளைகளுக்குள் இருந்து வர வேண்டும்.

எவ்வாறு இப்படிப்புக்குச் செல்வது?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் கட்டடக்கலையும் நகர, கிராமியத் திட்டமிடலும் முதற்பட்டங்களாக உள்ளன. கட்டடக்கலைக்கு இசெட் புள்ளியுடன் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். எந்தப் பாடச் சேர்க்கைக்கு இடமுண்டு என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இருக்கும். விண்ணப்பத்துக்கு முன் அதனை வாசிக்க வேண்டும். அதே பீடத்தில் நகர வடிவமைப்பில் பட்டப்பின் படிப்பையும் தொடரலாம். இந்தியாவில் டெல்லி, அகமதாபாத் ஆகிய நகரங்களிலும் இப்படிப்பு பெயர் பெற்றது.

தடைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. பட்டப்பின் படிப்புக்கு உண்டு. கல்வி ஆங்கிலத்தில் நடைபெறும். ஸ்ரூடியோ வேலை இரவு வரை நீளும். பிள்ளை தூர இடத்தில் தங்க வேண்டி வரும். இந்திய அரசின் புலமைப்பரிசில்களும் பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் பட்டப்பின் படிப்புக்குக் கிடைக்கின்றன. பல இடங்களில் வரைபடங்களின் தொகுப்பு ஒன்றைக் காட்டும்படி கேட்பார்கள். ஆகவே முதற்பட்டக் காலத்திலேயே ஒவ்வொரு வேலையையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். படித்து முடித்தவர்கள் நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, உள்ளூராட்சி மன்றங்கள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை தேடலாம்.

பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கனடாவின் றொறன்ரோ நகரில் 1989இல் பெண்கள் அமைப்பொன்று 'பாதுகாப்புக் கணக்காய்வு' என்ற முறையை உருவாக்கியது. பின்னர் பல நாடுகளில் இது பரவிற்று. இதற்குப் பட்டம் தேவையில்லை. மாணவர்கள் முதலில் செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய இதுவேதான். உங்கள் மாதர் சங்கமும் செய்யலாம்.

ஆறேழு பெண்கள் சேருங்கள். வயது முதிர்ந்த ஒருவரும், நடக்கச் சிரமப்படும் ஒருவரும், பாடசாலைப் பிள்ளை ஒருத்தியும் அதில் இருக்கட்டும். ஒரு தாளில் உங்கள் வீதிகளைக் கீறுங்கள். பொழுதுபட்ட பின் ஒன்றாக நடவுங்கள். விளக்கு இல்லாத இடம், எரியாத விளக்கு, பற்றை, உடைந்த மதகு, தண்ணீர் நிற்கும் இடம், கூப்பிட்டால் ஒருவருக்கும் கேட்காத இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். "வீதி சரியில்லை" என்று எழுதினால் எவரும் அசைய மாட்டார்கள். "முன்பள்ளியில் இருந்து மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரிவதில்லை" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அதனைத் திகதியிட்டு, கையொப்பமிட்டு, பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். 2018 தேர்தலில் இருந்து உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்துள்ளது. உங்கள் சபையின் பெண் உறுப்பினரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் பேசும்படி கேளுங்கள். மூன்று மாதத்தின் பின் அதே வழியால் மீண்டும் நடந்து பாருங்கள்.

அந்தத் தாளைக் கீறும் வேலையைப் பாடசாலைப் பிள்ளையிடமே விடுங்கள். அளவு பார்த்து, தூரம் எண்ணி, அழித்து மீண்டும் கீறும் பிள்ளை ஒருத்தி உங்கள் ஊரில் இருந்தால், அவளுக்கு இப்படியும் ஒரு படிப்பு உண்டு என்று இன்றே சொல்லி வையுங்கள்.