ஆட்டுக்கு எந்தத் தழை?

பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென ஆடு வளர்க்கும் தோட்டத்துக் குடும்பங்கள் பலாத் தழையையே பெரிதும் நாடுகின்றன. ஆடும் அதனை விரும்பி உண்ணும். ஆயினும் அதன் துவர்ப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மென்றால் நாவைப் பிடிக்கும் அத்துவர்ப்புக்குக் காரணமான பொருள் டானின் எனப்படும். அது தழையிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும். சிறிதளவாயின், புரதம் முன்வயிற்றில் வீணாகாமல் காக்கும். வயிறு உப்புதலையும் தடுக்கும். மிகுந்தாலோ, வயிறு நிறைந்தும் ஆடு மெலியும்.

மலாய்க்காரர் பெத்தாய் பெலாலாங் என வழங்கும் சவுண்டல் தழையின் உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு. முற்றிய புல்லில் இதில் பாதியும் இராது. எனினும் அதில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. ஆதலால், தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் புல்லுடன் கலந்தே கொடுத்தல் வேண்டும். மரவள்ளித் தழையையோ பறித்தவுடன் கொடுக்கலாகாது. நன்கு வெயிலில் உலர்த்தாமல் கொடுத்து ஆட்டை இழந்தோர் உண்டு.