மேளம் ஏறும்போது நாடியையும் பாருங்கள்



தைப்பூச நேரத்தில் பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதல் நாள் இரதம் வரும் பாதை அது. உறுமி மேளம் அதிர ஆரம்பித்துவிட்டால், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் காலும் தரையில் நிற்காது. தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் நம் ஆட்களில் எத்தனையோ பேர் காவடி எடுத்து ஆடுகிறார்கள். ஆடிக் களைத்த காலோடு தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறுகிறார்கள்.

பக்தியைப் பற்றிப் பேசுவது இந்தப் பகுதியின் வேலையல்ல. ஆடும்போது இருதயம் என்ன பாடுபடுகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

நாடிக் கணக்கு

ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். 220-இல் உங்கள் வயதைக் கழியுங்கள். வருவது, உங்கள் இருதயத்தின் உச்ச வேகம் சுமாராக எவ்வளவு என்பதைக் காட்டும். 50 வயதுக்காரருக்கு இது 170. அதில் பாதிக்கு மேல், அதாவது 85 முதல் 119 வரை துடித்தால் மிதமான உழைப்பு. 119 முதல் 145 வரை கடும் உழைப்பு. அதற்கும் மேலே போனால், பழக்கமில்லாத உடம்புக்கு ஆபத்து.

மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கினால் கணக்கு கிடைத்துவிடும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு

பெண்கள் வட்டமிட்டு நிதானமாகக் கும்மி கொட்டுவது, நடைப்பயிற்சி மாதிரி. நாடி மெதுவாக ஏறும்; பேசிக்கொண்டே ஆடலாம். கோலாட்டத்தில் குனிந்து நிமிர்ந்து வேகம் பிடித்தால் மூச்சு வாங்கும். பரதநாட்டியத்தில் ஒரே உருப்படியிலேயே இரண்டும் உண்டு. அபிநயத்தில் நாடி இறங்கும். அரைமண்டியில் உட்கார்ந்து வேகமான தீர்மானம் ஆடும்போது விறுவிறுவென்று ஏறும். மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டமும் துள்ளல் தாளந்தான். ஆக, ஆட்டத்தின் பெயர் முக்கியமல்ல. தாளத்தின் வேகம், கால் தூக்கும் உயரம், இடையில் கிடைக்கும் ஓய்வு, இவைதான் இருதயத்தின் வேலையைத் தீர்மானிக்கின்றன.

காவடியில் இதற்கு மேலும் சுமைகள் சேருகின்றன. தோளில் பாரம், அதைப் பிடித்த கை இறுகியிருப்பதால் இரத்த அழுத்தம் ஏறும். வெயிலில் வியர்த்து நீர் குறைந்தால், அதே வேலைக்கு இருதயம் இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டும். மேளச் சத்தமும் உணர்ச்சியும் நாடியைத் தனியாக உசுப்பிவிடும். அருள் வந்த வேகத்தில் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை நமக்குத் தெரியாமலே போகலாம்.

“நான் மரம் சீவுறவனாச்சே!”

“விடியக்காலம் எழுந்து மரம் சீவுறேன், எனக்கா நெஞ்சு வலி வரும்?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. மரம் சீவுவது நல்ல உழைப்புதான். ஆனால் அது மரத்துக்கு மரம் நடந்து, நின்று நிதானித்துச் செய்யும் வேலை. மணிக்கணக்காகக் குதித்து ஆடுவது வேறு. அதிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய் லோரி ஓட்டுபவர், காவல் வேலையில் உட்கார்ந்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம்.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்களுக்கு நூற்றுக்கு 31 பேர் விகிதம் நீரிழிவு இருந்தது. நீரிழிவுக்காரர்களுக்கு மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல் வரும். இது நம் வீட்டுக் கதை, தோழர்களே.

செய்ய வேண்டியவை

காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர் முன்கூட்டியே கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், டாக்டரைக் கேட்காமல் பட்டினி விரதம் இருக்கக் கூடாது; சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடியை அடக்கி வைக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பேச முடிகிறதா என்பதே அளவுகோல். ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கூட வரும் அண்ணன் தம்பிகளுக்கும் பொறுப்பு உண்டு. பந்தலுக்குப் பந்தல் நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். மேளக்காரரிடம் சொல்லித் தாளத்தை இறக்குங்கள். ஆட்டத்தைத் திடீரென்று நிறுத்தாமல் மெல்ல நடக்க விடுங்கள். நெஞ்சை அமுக்குவது போன்ற வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் — இவற்றில் ஒன்று வந்தாலும் காவடியை இறக்கிவிட்டு 999-ஐ அழையுங்கள். “கொஞ்ச நேரம் பார்க்கலாம்” என்பதே உயிரைக் குடிக்கும். நேர்த்திக்கடனை அடுத்த வருஷமும் செலுத்தலாம்.

48 நாள் விரதம் இருப்பவர் பலர். அந்த 48 நாளையும் பயிற்சி நாளாக்குங்கள். முதல் வாரம் தினம் அரை மணி நடை. பிறகு சிறுகச் சிறுக ஆட்டம். நாக்கைக் கட்டுவதோடு நெஞ்சையும் பழக்குங்கள்.

வருஷம் முழுக்க வாரத்துக்கு நாலைந்து நாள், பேச்சு தடைப்படாத வேகத்தில் கும்மியோ கோலாட்டமோ ஆடினால், அதைவிட மலிவான மருந்து கிடையாது. காசு வேண்டாம், கோயில் திடலும் நாலு பேரும் போதும்.